வந்தியத்தேவன் இறங்காத ஊர்

"திண்டிவனம்... பத்து நிமிஷம் நிக்கும். டீ, காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம்!"

தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் திண்டிவனம் என்றால் இந்தக் கண்டக்டர் குரல்தான். விழுப்புரத்தின் கதி இன்னும் மோசம். ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன். நடு ராத்திரியில் அப்பர் பெர்த் ஆசாமி ஒருவர் கண் விழித்து, "என்ன ஸ்டேஷன் சார்?" என்பார். "விழுப்புரம்." "ஓ... இன்னும் டயம் இருக்கு!" போர்வை மறுபடி தலைக்கு மேலே போய்விடும்.

அந்தப் போர்வைக்கு வெளியே குடியிருப்பவன் நான். படிப்பு பி.காம். பிழைப்பு, பத்திரிகைக்கு எழுதுவது. எழுத்து சோறு போடாத மாதங்களில் இரண்டு மளிகைக் கடைகளின் ஜி.எஸ்.டி. கணக்கு போடும். வியாதி, சரித்திர நாவல்.

இந்த வியாதி வந்தவர்களுக்கு ஒரு குறை உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் தஞ்சாவூர்க்காரனுக்குத் தஞ்சாவூர் இருக்கிறது. கும்பகோணத்துக்காரனுக்குப் பழையாறை. வேதாரண்யத்துக்காரனுக்குக் கோடிக்கரை. எங்களுக்கு? ஆதித்த கரிகாலனின் ஓலையோடு வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து கிளம்புகிறான். கதை தொடங்கும்போது வீராணம் ஏரிக்கரையில் இருக்கிறான். நடுவில் என்ன ஆச்சு? ஒருநாள் பொறுக்க முடியாமல் மேப்பை விரித்து, காஞ்சிபுரத்திலிருந்து வீராணத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். கோடு சாட்சாத் திண்டிவனத்தின் தலை மேலேயே போகிறது! விழுப்புரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே இறங்குகிறது.

ஆக, வந்தியத்தேவன் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிருக்கிறான். பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒரு டீ? ம்ஹூம்!

இந்தக் கண்டுபிடிப்பை முதலில் அத்தையிடம்தான் சொன்னேன். வியாதியை எனக்கு ஒட்டவைத்ததே அத்தைதானே.

* * *

அத்தை வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்தில். முழுப் பரீட்சை லீவு விட்டால் நான் அங்கேதான். அத்தை வீட்டு அலமாரியில் ஐந்து பைண்டு வால்யூம்கள் இருந்தன. 1950 முதல் 1954 வரை முதல் தடவை வந்த கதை, பிற்பாடு மறுபடி தொடராக வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, அடுக்கி, காலிகோ ஒட்டி பைண்டு பண்ணினது. கதைக்குப் பக்கத்திலேயே தலைவலித் தைலம், கூந்தல் தைலம் விளம்பரங்கள். ரொம்ப நாள் வரை பழுவேட்டரையருக்கும் தலைவலித் தைலத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வால்யூமில் இரண்டு அத்தியாயம் காணோம். "உங்க மாமாதான். பஜ்ஜி எண்ணெய் ஒத்தறதுக்கு எடுத்துட்டாரு" என்றாள் அத்தை. அந்த இரண்டு அத்தியாயத்தையும் வாயாலேயே சொன்னாள். ராத்திரி மொட்டை மாடியில், கரண்ட் இல்லாத நேரத்தில், ஒரு மணி நேரம். வாள் சண்டை, சுரங்கப் பாதை, ஒரு முதலை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

காலேஜில் படிக்கும்போது முழுப் புத்தகம் கிடைத்தது. ஓடிப் போய் அந்த இரண்டு அத்தியாயத்தைத் திருப்பினேன். சுரங்கமும் இல்லை, முதலையும் இல்லை! எல்லாம் அத்தையின் சொந்தச் சரக்கு.

அந்த வருஷம்தான் காஸ்ட் அக்கவுன்டன்சி புத்தகத்துக்குள் சாண்டில்யனின் 'கடல் புறா'வை வைத்துப் படித்தேன். கருணாகரத் தொண்டைமான் கடாரம் போய்ச் சேர்ந்தான். நான் அரியர் வைத்தேன். அப்பா பேசாமல் இருந்த அந்தப் பதினைந்து நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

* * *

'பொன்னியின் செல்வ'னைப் படமாக்கப் போவதாக எம்.ஜி.ஆர். அறிவித்தது 1958-ல். நடக்கவில்லை. பிறகு கமல்ஹாசனும் முயன்று பார்த்தார். கடைசியில் மணிரத்னத்தின் முதல் பாகம் வந்தது 2022 செப்டம்பர் 30-ம் தேதி. இரண்டாவது, 2023 ஏப்ரல் 28. அறுபத்து நாலு வருஷம்! 'இண்டர்வெல்' என்றால் இதுதான் இண்டர்வெல்.

முதல் பாகத்துக்கு அத்தையைக் கூட்டிப் போனேன். படம் முடிந்ததும் பயந்துகொண்டே கேட்டேன்: "எப்படி அத்தை?"

"நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா என் வந்தியத்தேவன் இன்னும் கொஞ்சம் குட்டைடா."

'என் வந்தியத்தேவன்' என்றதைக் கவனித்தீர்களா? புத்தகம் படித்தவர் அத்தனை பேரிடமும் ஆளுக்கொரு வந்தியத்தேவன் இருக்கிறான். சினிமாக்காரரிடம் ஒரே ஒருவன்தான். சண்டையே அங்கேதான் வருகிறது. இத்தனைக்கும் அவன் நிஜ ஆள். குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. உயரம் எவ்வளவு என்றுதான் அதில் வெட்டவில்லை.

அன்றைக்கு தியேட்டர் படியில் இறங்கும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டு என்று நினைத்தேன். வெளியே வந்த பிறகும் விடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் பிரஷர். ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. "இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். போனது திரும்பாது" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வால்யூம்களைத் தொட்டே பல மாதம் ஆகிறது. எழுத்து கலங்குகிறது.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம், டிபன் தட்டை வைத்துவிட்டுத் திடீரென்று சொன்னாள்:

"கல்யாணம் ஆகி வந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. செஞ்சிக் கோட்டை இதோ இருக்கு. இன்னும் பாக்கலைடா. உங்க மாமாவும் அடுத்த ஞாயித்துக்கிழமை, அடுத்த ஞாயித்துக்கிழமைன்னே சொல்லிட்டிருந்தாரு. போயிட்டாரு."

திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எனக்குச் சட்டினி இறங்கவில்லை.

* * *

அடுத்த ஞாயிறு அத்தை காலை ஆறு மணிக்கே ரெடி. புளிசாதம், தயிர்சாதம், ஒரு குடை. திண்டிவனத்துக்காரர்களைப் புளிசாதத்தில் அடித்துக்கொள்ள முடியாது. ஊர்ப் பேரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு. ஈஸ்வரன் பேர்கூடத் திந்திரிணீஸ்வரர். இந்த ஊருக்குள் இருக்கும் கிடங்கல்தான் சங்க காலத்தில் நல்லியக்கோடனின் ஊர். பாணர்களுக்கு அள்ளிக் கொடுத்த அந்த ராஜாவுக்கு 'சிறுபாணாற்றுப்படை'யே இருக்கிறது. அங்கே பாணர் நின்று சாப்பிட்டுவிட்டுப் போனார். நாமும் நின்று டீ சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். ஊரின் குணம் ரெண்டாயிரம் வருஷமாக மாறவில்லை!

செஞ்சி நெருங்கும்போது பாறைகள் தெரிய ஆரம்பித்தன. யாரோ லாரி லாரியாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி குன்று குன்றாக உருண்டைக் கற்கள். அத்தை ஜன்னலோரத்தில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரப் பார்வை போனவர்களுக்கு அப்படித்தான். பார்க்க வேண்டியதற்கு நேராக முகத்தைக் கொண்டுபோக வேண்டும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் சேர்த்து வளைத்துக் கட்டின மதில். 1677-ல் சிவாஜி பிடித்தார். 1689-ல் அவர் பிள்ளை ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து, இங்கே உட்கார்ந்துதான் ராஜ்யபாரம் பண்ணினார். அவரைப் பிடிக்க அவுரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகார் கான் 1690-ல் வந்து முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார். கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று சொல்கிற சரித்திர ஆசிரியர்களும் உண்டு.

இதைச் சொன்னதும் அத்தை, "புரியுதுடா. வாரா வாரம் தொடரும் போட்டிருக்கான்!" என்றாள்.

ஏழெட்டு வருஷம் தாக்குப்பிடித்த இதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். அது சிறுகதை. போகும்போது சும்மாவும் போகவில்லை. பாண்டிச்சேரி பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி உயர உயரமாகக் கல் தூண்கள் நிற்கிறதே, அதெல்லாம் செஞ்சியிலிருந்து போனவை. அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் நண்பர்கள் கவனிக்க. 1761-ல் கோட்டை இங்கிலீஷ்காரர் கைக்குப் போனது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியரின் 12 கோட்டைகள் சேர்ந்தன. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்!

* * *

அத்தையால் மலை ஏற முடியாது. கல்யாண மஹால் பக்கத்தில் நிழலாக ஒரு இடம் பார்த்து உட்கார வைத்தேன். அடுக்கடுக்காக மேலே போய், உச்சியில் கூம்பாக முடிகிற கட்டடம். "பெரிய தேர் மாதிரி இருக்குடா" என்றாள். நேராக முகத்தை வைத்துக் கீழிருந்து மேல்வரை பார்த்து முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

"நீ மேலே போ. போயிட்டு போன் பண்ணு. நான் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லு."

ராஜகிரி சுமார் 800 அடி. ஆபீஸ் நாற்காலியில் வளர்த்த தொப்பையோடு ஏறிப் பாருங்கள், அவுரங்கசீப் சேனையின் கஷ்டம் புரியும். வழியெல்லாம் குரங்குகள். என் பிஸ்கட் பாக்கெட் முதல் வாசலிலேயே சரணாகதி.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த இடம் வருகிறது. பாறையே இரண்டாகப் பிளந்து நடுவில் ஒரு வெடிப்பு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. அந்தப் பக்கம் ஒரே ஒருத்தன் நின்றால் போதும், இந்தப் பக்கம் ஆயிரம் பேர் கையைப் பிசைய வேண்டியதுதான். போனைப் போட்டேன்.

"எவ்ளோ அகலம்?"

"இருபத்து நாலு அடி அத்தை."

"குதிரை தாண்டுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஏறி வந்த படியில் ஆடே யோசிக்கும். குதிரை முதலில் இங்கே வரவே வராது. மூச்சு வாங்கியது. கீழே கல்யாண மஹால் ஓரத்தில் பச்சைப் புடவை ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"தாண்டும் அத்தை! நல்ல ஜாதிக் குதிரையா இருந்தா ஒரே தாவு."

"பொய் சொல்றே."

"நீங்க மட்டும் அந்த ரெண்டு அத்தியாயத்துல முதலை விட்டீங்களே?"

ஒரு விநாடி சத்தமே இல்லை. அப்புறம் அத்தை சிரிக்கிற சத்தம். மாமா போன பிறகு அத்தை இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ரங்கநாதர் கோயில், மதில், தூரத்துக் கிருஷ்ணகிரி, வயல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அரை மணி நேரம் சொன்னேன். எனக்கே பார்க்காமல் விட்டதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது.

* * *

இறங்கி வந்ததும் அத்தை, "தேசிங்கு ராஜா இடம் எங்கே?" என்றாள்.

'ராஜா தேசிங்கு' படம் வந்தது 1960-ல். எம்.ஜி.ஆர். படம். அத்தை சின்னப் பெண்ணாக டூரிங் டாக்கீஸ் மண்ணில் உட்கார்ந்து, பிற்பாடு அதைப் பார்த்திருக்கிறாள்.

நிஜக் கதை என்னைப் போன்ற பி.காம்.காரனுக்குச் சுருக்கென்று தைக்கும். தேசிங்கின் அப்பா சொரூப் சிங், மொகலாயர் நியமித்த கோட்டைத் தலைவர். கட்ட வேண்டிய பணத்தைப் பல வருஷம் கட்டவில்லை. 1714-ல் அவர் இறந்ததும், இருபத்திரண்டு வயதுப் பையன் பொறுப்புக்கு வந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். பையன் மாட்டேன் என்றான். சண்டை வந்தது. கூட நின்ற சிநேகிதன் முகம்மது கான் கல்யாணக் கோலத்தை விட்டுவிட்டு வந்ததாகக் கதைப்பாடல் சொல்கிறது. சில நூறு பேரை வைத்துக்கொண்டு ஒரு சேனையை எதிர்த்தார்கள். அதே 1714 அக்டோபரில் எல்லாம் முடிந்துவிட்டது.

அரியர், சார்! அப்பா வைத்த அரியருக்குப் பிள்ளை உயிரைக் கொடுத்திருக்கிறான். நான் வைத்த அரியருக்கு என் அப்பா பதினைந்து நாள் பேசாமல் இருந்ததோடு விட்டாரே, அந்த மட்டும் க்ஷேமம்.

செட்டிகுளத்தின் கரையில் ஒரு மேடை. தேசிங்கின் உடலுக்குத் தீ மூட்டிய இடம். அவன் மனைவி உடன்கட்டை ஏறியதும் அங்கேதான். அத்தை செருப்பைக் கழற்றினாள்.

"அவ பேரு என்னடா?"

"ராணிபாய்னு சொல்றாங்க அத்தை."

"ராணின்னா பட்டம். பேரு?"

நவாப் அவள் ஞாபகமாக ஒரு ஊரே உண்டாக்கினார், அதுதான் ராணிப்பேட்டை என்று சொல்வார்கள் என்றேன்.

"அதுலயும் ராணிதானே இருக்கு" என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படத்துல சண்டை வரைக்கும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. குதிரை, கத்தி, விசில். இந்தப் பொண்ணை நான் நெனச்சே பாக்கலை. இது என்ன வயசு இருந்திருக்கும்? எனக்குக் கல்யாணம் ஆன வயசுதான் இருக்கும்."

சரித்திர நாவல் வியாதிக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை இந்த மேடைக்குப் பக்கத்தில் நிற்பது நல்லது. நாம் விசில் அடிக்கிற இடம் முடிந்த பிறகும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதை யாரோ எண்ணெய் ஒத்த எடுத்துப் போய்விட்டார்கள்.

* * *

திரும்பும்போது திண்டிவனம் பஸ் பிடிக்காமல் விழுப்புரம் ரோட்டில் ஆட்டோ பேசினேன். வழியில் மண்டகப்பட்டு. 'சிவகாமியின் சபத'த்தில் வரும் அதே மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில். ரோட்டோரக் கிராமம், ஒரு பாறை, இரண்டு துவாரபாலகர்கள், உள்ளே மூன்று கருவறை. மூன்றுமே காலி. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, இவை எதுவுமே இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் கட்டிய கோயில் என்று கல்வெட்டு. விசித்திரசித்தன் என்பது அவனுக்கே அவன் வைத்துக்கொண்ட பட்டம். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு எங்கள் இருவரையும் இரண்டு ஆடுகளையும் தவிர அங்கே யாருமில்லை.

அத்தை தூணில் கையை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். "இதைப் பாக்கக் கண்ணு வேணாம்டா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி அவளைத் திண்டிவனத்தில் கொண்டுபோய் விட்டபோது அலமாரியைத் திறந்து ஐந்து வால்யூம்களையும் எடுத்து வைத்தாள். "நீ கொண்டு போ. எனக்கு இனிமே இது கலர் கலரா எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும்."

நான் கொண்டு போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் திண்டிவனம் வருகிறேன். பத்து நிமிஷத்துக்கு அல்ல, முழு நாளுக்கு. நான் படிக்கிறேன், அத்தை கேட்கிறாள். கூந்தல் தைலம் விளம்பரத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபம் வரும்.

போன ஞாயிறு அந்த இரண்டு அத்தியாயம் இல்லாத இடம் வந்தது. என் பையில் முழுப் புத்தகம் இருந்தது. எடுக்கவில்லை.

"அத்தை... இங்கே பக்கம் இல்ல. நீங்க சொல்லுங்க" என்றேன்.

அத்தை காலை நீட்டி உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"அந்தச் சுரங்கத்துல ஒரு முதலை இருந்துச்சுன்னு சொன்னேனே... அது ஒண்ணு இல்லடா, ரெண்டு!"